ஜன்னல் மறைந்ததும் நங்கூரம்

இங்கிலிஷ் ஹார்பரில் இனெட்டா வீடு மாறிய கதையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு வீட்டுக்குப் போன கதை இல்லை. வீட்டையே தூக்கிக்கொண்டு போன கதை. எங்கள் ஆன்டிகுவா தீவில் மர வீடு என்பது கல் தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரிய பெட்டி, அவ்வளவுதான். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் உருட்டுக்கட்டைகளைக் கொடுத்து, தெம்பான ஆட்கள் தோள் கொடுத்தால் நகர்ந்துவிடும். கோபம் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். இனெட்டா பிறந்த வீட்டையே தூக்கிக்கொண்டு போனவள்.

அம்மா போன பிறகு குன்றின் மேலிருந்த நிலத்தை அண்ணன் மெல்ஃபர்டுக்கும் இவளுக்குமாக அளந்தார்கள். சர்வேயர் ஆணி அடித்துக் கோடு போட்டதில், இனெட்டா குடியிருந்த வீட்டின் ஒரு பக்கம் அண்ணன் பங்குக்குள் நின்றது. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் மெல்ஃபர்ட் ஒரு சனிக்கிழமை ரம் கடையில் பல்லாங்குழி மாதிரியான வாரிப் பலகையில் காய் போட்டுக்கொண்டிருந்தவன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “என் நிலத்துல காலை நீட்டிப் படுத்திருக்கிற வீட்டுக்கு நான் என்ன வாடகையா கேக்குறேன்?” என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு குன்று ஏறி இனெட்டாவின் காதுக்கு வந்து சேர்வதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஜாக்கியும் கட்டைகளும் ஆட்களும் வந்து இறங்கினார்கள். மெல்ஃபர்ட் கையில் டீக் குவளையோடு வேலி ஓரம் நின்று பார்த்தான். “அடியே, நான் விளையாட்டுக்குச் சொன்னேன்” என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். “தெரியும் போ” என்று இவளும் சிரித்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. நிலத்தைப் பிரிக்கத்தான் சர்வேயர் தேவைப்பட்டார். வீம்பை அம்மாவே இரண்டு பேருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். வீடு இனெட்டாவின் பங்கின் மறு கோடியில், மாமரத்தை ஒட்டிப் போய் உட்கார்ந்தது. காலியான இடத்தில் மெல்ஃபர்ட் ஒரு ஆட்டைக் கட்டினான். வேறு எதற்கும் அந்த இடம் அவனுக்குப் பயன்படவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

மெல்ஃபர்டுக்குத் துறைமுகத்தில்தான் வேலை. படகுகளின் அடியைச் சுரண்டுவது, விழுந்த மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பது, மாட்டிக்கொண்ட நங்கூரத்தை எடுத்துவிடுவது என்று பாதி நாள் தண்ணீருக்கடியில் கிடப்பான். அவன் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதற்காகவே இனெட்டா தீவின் மேற்குக் கரைப் படகுகளில் வேலை தேடிக்கொண்டாள். விடுமுறைக்கு மட்டும் பஸ் ஏறி வீட்டுக்கு வருவாள். வரும்போது கடலைப் பார்க்க மாட்டாள்.

அதற்கு முன்பு வருஷக்கணக்காக அவள் இதே துறைமுகத்துப் படகுகளில் சமையல்காரி. வாடகைக்குப் போகும் பாய்ப்படகுகளில் பாத்திரம் கழுவத்தான் சேர்ந்தாள். பிறகு கரண்டி கைக்கு வந்தது. அவள் கிண்டும் ஃபங்கி என்ற சோளமாவுக் களியையும், சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துருவி வாழை இலையில் சுற்றி அவித்த டுக்கானாவையும் சாப்பிட்டுப் பழகியவர்கள் அடுத்த வருஷமும் அவளைக் கேட்டு எழுதினார்கள். சுக்கான் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது சொலேன் என்ற பிரெஞ்சுக்காரக் கேப்டன். குவாதலூப் தீவிலிருந்து வரும் வழியில் ஒரு நாள் அந்த அம்மாள், “இதைக் கொஞ்சம் பிடி, எனக்குக் கண்ணைச் சொக்குது” என்று சக்கரத்தை இவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். எழுந்து வந்து பார்த்தபோது படகு சரியான திசையில் போய்க்கொண்டிருந்தது. அடுப்பில் சூப்பும் தீயாமல் இருந்தது. அன்றிலிருந்து இனெட்டாவின் ஜெபத்தில் சொலேன் பெயரும் சேர்ந்தது.

இந்த ஜெபத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படுக்கும் முன் அவள் கடவுளிடம் எதையும் கேட்பதில்லை. நன்றி மட்டும்தான் சொல்வாள், ஆள் பெயர் சொல்லிச் சொல்வாள். முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர், காய்ச்சலில் கஞ்சி கொடுத்தவள், கடனாகக் குடை கொடுத்துத் திருப்பிக் கேட்காதவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். “உன் ஜெபம் முடியறதுக்குள்ள கடவுளுக்கே கொட்டாவி வந்துடும்டி” என்பாள் தோழி டெல்சி. அந்த வரிசையில் மெல்ஃபர்டின் பெயர் முன்னாலேயே வரும்; மரப் படகுத்துறையிலிருந்து பிடித்துத் தள்ளி நீச்சல் பழக்கியவன் அவன்தானே. வீட்டை நகர்த்திய பிறகு அந்தப் பெயர் வரும் இடத்தில் இனெட்டா கொஞ்சம் நிறுத்துவாள். அப்புறம் அடுத்த பெயருக்குப் போய்விடுவாள்.

இப்போது அந்த வருஷத்துப் பாய்ப்படகு வாரத்துக்கு, ஊரே பந்தயப் படகுகளால் நிறையும் அந்த வாரத்துக்கு, வருவோம். இனெட்டா கேப்டன் பரீட்சைக்குப் படித்து எழுத்துத் தேர்வைத் தாண்டிவிட்டாள். பாக்கி இருந்தது கடலில் ஓட்டிக் காட்டுவது மட்டும். அவள் வேலை பார்த்த ‘மார்த்தா’ என்ற படகின் சொந்தக்காரர், “சர்டிஃபிகேட்டோட வா, வர்ற சீசனுக்கு நீதான் கேப்டன். இல்லைன்னா டோர்ட்டோலா தீவுல ஒருத்தர் தயாரா இருக்கார், நீ பழையபடி அடுப்படிக்குப் போயிடு” என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லியிருந்தார். அடுப்படி ஒன்றும் அவமானமில்லை. ஆனாலும் சக்கரத்தைப் பிடித்த கைக்கு அப்புறம் கரண்டி கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறது. அது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

பரீட்சை எடுக்க வந்தவர் கேப்டன் நான்ட்டன், செயின்ட் வின்சென்ட்காரர். சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது போன்ற முகம். இஞ்சி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றும்போது மட்டும்தான் அந்த முகம் அசையும். காலை முழுவதும் வெளிக்கடலில் பாய் ஏற்றச் சொன்னார், இறக்கச் சொன்னார், தண்ணீரில் ஒரு மெத்தையைத் தூக்கி எறிந்து அதுதான் விழுந்துவிட்ட ஆள் என்று மீட்கச் சொன்னார். எல்லாவற்றையும் இனெட்டா ஒழுங்காகச் செய்தாள். உதவிக்கு டெல்சி வந்திருந்தாள். டெல்சி படகுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவள். நங்கூரச் சங்கிலியையும் ஈரப் போர்வையைப் போல இழுத்துப்போடும் கை அவளுக்கு.

“கடைசியா ஒண்ணு. இங்கிலிஷ் ஹார்பருக்குள்ள போய், பின்பக்கமா கரைக்குக் கட்டுங்க. அப்புறம் அவிழ்த்துக்கிட்டு வெளிய வாங்க. முடிஞ்சது” என்றார் நான்ட்டன்.

டெல்சி இனெட்டாவின் விலாவில் இடித்தாள். “உன் வாசல்லயே பரீட்சை வச்சிருக்கார்டி. பாஸ் பண்ணிட்டேன்னு இப்பவே நினைச்சுக்கோ!”

பாய்ப்படகு வாரத்தில் எங்கள் துறைமுகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீரைத் தேடத்தான் வேண்டும். சுங்க வாசலிலிருந்து பழைய கப்பற்படைக் கிடங்கு வரைக்கும் படகுகள் மத்தி மீனைப் போல அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் முன்னால் நங்கூரம் போட்டு, பின்பக்கத்தைக் கரையில் கட்டியிருந்தது. கரைமேல் பீர்ப் புட்டியும் கையுமாக ஒரு பெருங்கூட்டம். யார் நங்கூரம் போட வந்தாலும் கூட்டத்துக்கு அது இலவசக் கிரிக்கெட். நன்றாகப் போட்டால் ஏமாற்றத்தோடு கைதட்டுவார்கள். சொதப்பினால் அடுத்த வருஷம் வரை பேசுவார்கள்.

இந்தத் துறைமுகத்தில் ஒரு தொல்லை உண்டு. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களைப் புயலுக்குக் கட்டிப் போட்ட ராட்சசச் சங்கிலி இன்னும் அடிமண்ணில் குறுக்கே கிடக்கிறது. ஒவ்வொரு வளையமும் ஒரு ஆள் தொடையளவு. அதன்மேல் நங்கூரத்தைப் போட்டால் கொக்கி மாட்டிக்கொள்ளும், அப்புறம் வராது. பின்பக்கமாக வரும் படகு, சங்கிலியைத் தாண்டிய பிறகுதான் நங்கூரம் போட வேண்டும். தாண்டியதை எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு உள்ளூர்க்காரர்களிடம் ஒரு குறி இருந்தது. இடது கைப்பக்கம் கூரையில்லாமல் நிற்கும் பழைய படகுக் கொட்டகையின் கல்தூணைப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் குன்றின் மேல் இனெட்டா வீட்டின் நீலக்கதவு ஜன்னல் தெரியும் வரை சங்கிலி இன்னும் அடியில் இருக்கிறது. படகு பின்னால் வர வர ஜன்னல் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். ஒளிந்ததும் போடலாம். சமையல்காரியாக இருந்த காலத்தில் இனெட்டாதான் கரண்டியும் கையுமாக மேலே தலையை நீட்டி, “ஜன்னல் மறைஞ்சிடுச்சு, போடுங்க!” என்று கேப்டன்களுக்குக் குரல் கொடுப்பாள். அவள் ஜன்னலை அவளைவிட யாருக்குத் தெரியும்?

‘மார்த்தா’ பின்பக்கமாக மெல்ல வந்தது. முன்னால் நங்கூரத்தருகே நின்ற டெல்சி திரும்பிப் பார்த்தாள். “மிதவை கட்டட்டுமா?”

நங்கூரத்தின் கொண்டையில், அதாவது கொக்கிகள் கூடும் அடிமுனையில், ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறு முனையில் ஒரு சின்ன மிதவையை விடுவது வழக்கம். அடியில் மாட்டிக்கொண்டால் அந்தக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்து எடுத்துவிடலாம். இங்கே வரும் வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கட்டுவார்கள். அதனாலேயே உள்ளூர்க்காரர்கள் கட்டுவதில்லை.

“நம்ம வீட்டுக்குப் போக நாம யார்கிட்டயாவது வழி கேப்பமா? அதெல்லாம் வேணாம்” என்றாள் இனெட்டா.

நான்ட்டன் மிட்டாயைக் கன்னம் மாற்றினார். சக்கரத்துக்கு முன்னாலிருந்த வரைபடத் திரையில் சங்கிலி இருக்கும் இடம் புள்ளிக்கோடாகத் தெரிந்துகொண்டிருந்தது. இனெட்டா அதைப் பார்க்கவே இல்லை. தூணைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். நீலக்கதவின் பாதி போயிற்று. முழுவதும் போயிற்று.

“போடு!”

சங்கிலி கடகடவென்று ஓடியது. பின்னால் இழுத்துப் பார்த்தபோது நங்கூரம் உடனே பிடித்துக்கொண்டது. ஒரு அங்குலம்கூட நகரவில்லை. இரண்டு படகுகளுக்கு நடுவே ‘மார்த்தா’ பின்புறமாக நழுவி வந்து கரையைத் தொடாமல் நின்றது. டெல்சி கயிறுகளை வீசினாள். கரையில் பிடித்துக் கட்டினார்கள். வேடிக்கை இல்லாமல் போன வருத்தத்தில் கூட்டம் அரைமனதாகக் கைதட்டியது.

“சுத்தமான வேலை. இப்ப கிளம்புங்க” என்றார் நான்ட்டன்.

கயிறுகளை அவிழ்த்தார்கள். டெல்சி சங்கிலியைச் சுருட்டும் விஞ்சை ஓட்டினாள். சங்கிலி உள்ளே வந்தது, வந்தது, நின்றது. விஞ்ச் முனகியது. படகின் மூக்கு தண்ணீரைப் பார்த்துக் குனிந்தது.

“இனெட்டா, வரமாட்டேங்குது!”

“கொஞ்சம் சங்கிலி விட்டு இழு.”

“விட்டு இழுத்தாச்சு. கீழ யாரோ பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறாங்க!”

கரையில் கூட்டம் உற்சாகமாக எழுந்து முன்னால் வந்தது. இனெட்டா தூணை மறுபடி பார்த்தாள். அதற்குப் பின்னால் குன்றைப் பார்த்தாள். வீடு மாமரத்தை ஒட்டி நின்றது. மாமரம்! அவள் பிறந்து வளர்ந்த நாளெல்லாம் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் மாமரம் இருந்ததில்லை. முகத்தில் ஈயாடவில்லை அவளுக்கு.

“டெல்சி...” என்றாள் மெதுவாக. “வீடு அங்க இல்லடி.”

டெல்சியும் பார்த்தாள். ஒரு கணம் கழித்துத் தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! ஊரையே கூட்டி வச்சு வீட்டைத் தூக்கிட்டுப் போனவளே நீதானே! திருடன் தூக்கிட்டுப் போன மாதிரி முழிக்கிறியே!”

சிரிக்கும் நேரமில்லை அது. கிழக்குக் காற்று ‘மார்த்தா’வின் பின்பக்கத்தைப் பக்கத்துப் படகின்மேல் தள்ளிக்கொண்டிருந்தது. நடுவழியில் பந்தயப் படகு ஒன்று வந்து நின்று ஹாரன் அடித்தது. கரையிலிருந்து ஆளுக்கொரு யோசனை வந்தது. “முன்னால ஒரே மூச்சா ஓட்டும்மா, பிய்ச்சுக்கிட்டு வந்துடும்!” “சங்கிலியை வெட்டி விடு!” முழு வேகத்தில் முன்னால் ஓட்டிப் பிடுங்கலாம்தான். நங்கூரம் வளையும், அல்லது பழைய சங்கிலி கொஞ்சம் எழுந்து அக்கம்பக்கத்துப் படகுகளின் நங்கூரங்களையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். சங்கிலியை வெட்டிவிட்டுப் போகலாம்; பரீட்சையும் அதோடு அடியில் போய்விடும்.

“உங்க படகு, மிஸ் இனெட்டா” என்றார் நான்ட்டன். “என்ன செய்யப்போறீங்க?”

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. அது அவளுக்கு வெட்டிவிடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்தச் சங்கிலியின் வளைவு நெளிவு தெரிந்து இறங்குகிறவன் துறைமுகத்தில் ஒருவன்தான். அவனைப் படகுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோவில்தான் கூப்பிட வேண்டும். எங்கள் ஊரில் அந்த ரேடியோ படகில் மட்டும் இல்லை; கடையில், கிளப்பில், மீன் வெட்டும் இடத்தில், பாதி வீடுகளின் சமையலறையில் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். அதில் பேசுவதும் தேவாலயத்தில் எழுந்து நின்று பேசுவதும் ஒன்று.

ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துப் படகைக் காற்றுக்கு எதிரே நிறுத்திக்கொண்டு, மறு கையால் ரேடியோவை எடுத்தாள். “மெல்ஃபர்ட், மெல்ஃபர்ட். இது மார்த்தா.”

பதில் இல்லை. கரையில் யாரோ ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்கள். அவளுடைய குரலே அவளுக்கு நாலு பக்கத்திலிருந்தும் கேட்டது. பொத்தானை மறுபடி அழுத்தினாள்.

“அண்ணே, நான்தான். பழைய சங்கிலியில நங்கூரத்தை மாட்டிட்டேன். வீட்டை நகர்த்தினதும் நான்தான், அந்த வீட்டையே குறி பார்த்துப் போட்டதும் நான்தான். மிதவையும் கட்டல. வந்து எடுத்துவிடு அண்ணே.”

சொல்லிவிட்டாள். கொஞ்ச நேரம் ரேடியோ கரகரவென்றது. பிறகு மூச்சு வாங்கும் ஒரு குரல் வந்தது.

“வந்துக்கிட்டுதான் இருக்கேன். சும்மா சும்மா கூப்பிட்டா எப்படி? துடுப்புப் போடறதா, ரேடியோவைப் பிடிக்கறதா?”

இனெட்டா திரும்பிப் பார்த்தாள். கிடங்கின் முனையைச் சுற்றிக்கொண்டு மெல்ஃபர்டின் சிவப்புத் தோணி ஏற்கெனவே பாதித் தூரம் வந்திருந்தது. அவள் கூப்பிட்ட பிறகு கிளம்பியிருந்தால் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது.

தோணி பக்கத்தில் வந்ததும் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சங்கிலியைத்தான் பார்த்தான். “நீ ‘போடு’ன்னு கத்தினப்பவே கிளம்பிட்டேன். அந்தக் கத்தல் கல்லறையில கூட கேட்டிருக்கும்” என்றான். நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்தபடி தலைகீழாக இறங்கினான்.

தண்ணீர் கலங்கலாக இருந்தது. குமிழிகள் வந்தன, அப்புறம் அவையும் வரவில்லை. இனெட்டா இஞ்சினை ஒரு தொடு முன்னால், ஒரு தொடு பின்னால் என்று ஓட்டிப் படகை அசையாமல் வைத்திருந்தாள். கீழே இருக்கும் ஆளின்மேல் சங்கிலி இறுகிவிடக் கூடாது. பரீட்சை, சர்டிஃபிகேட், கரையிலிருந்த கூட்டம் எதுவும் அப்போது அவள் மனதில் இல்லை. நிறுத்தி வைத்திருந்த அந்தப் பெயர் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மெல்ஃபர்டுக்காக நன்றி, மெல்ஃபர்டுக்காக நன்றி என்று உதடு அசைந்ததை டெல்சி பார்த்துவிட்டாள்.

தலை மேலே வந்தது. மெல்ஃபர்ட் துப்பிவிட்டு மூச்சு விட்டான். “கொக்கி வளையத்துக்குள்ள போய் சம்பந்தம் பேசிக்கிட்டு இருக்கு. கொண்டையில கயிறு போட்டுட்டேன். இப்ப உன் சங்கிலியைத் தளர்த்து. இன்னும். போதும். டெல்சி, நீ அந்தக் கயிறை இழு.”

டெல்சி இழுத்தாள். நங்கூரம் பின்பக்கமாக நழுவி விடுபட்டபோது படகே ஒரு பெருமூச்சு விட்டது போல மூக்கை நிமிர்த்தியது. கரையில் இந்த முறை உண்மையான கைதட்டல் எழுந்தது.

மெல்ஃபர்ட் ‘மார்த்தா’வின் ஓரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே, “ஒண்ணு சொல்லட்டுமா?” என்றான். “நீ வீட்டை நகர்த்தின நாள்ல இருந்து எனக்குக் கை நிறைய வேலை. நம்ம ஆளுங்கதான் ஒவ்வொருத்தனா வந்து மாட்டிக்கிறான். திரையைப் பார்த்துப் போடற வெளியூர்க்காரன் ஒருத்தன்கூட மாட்டல. சங்கிலிதான் நகர்ந்துடுச்சுன்னு ரம் கடையில பேசிக்கிறாங்க.”

“தெரிஞ்சுக்கிட்டே சொல்லாம இருந்தியா, தடியா?” என்றாள் டெல்சி.

“எந்த வாயால சொல்றது? குறி தப்புதுன்னா, வீட்டைத் திருப்பி வைன்னுல்ல இவகிட்ட வந்து நிக்கணும்.” அவன் முதல் முறையாக இனெட்டாவை நிமிர்ந்து பார்த்தான். “சரி, இப்ப வந்து நிக்கிறேன். திருப்பி வை. ஆடு கட்டறதுக்கு எனக்கு வேற இடம் இருக்கு.”

இனெட்டா தலையை மட்டும் ஆட்டினாள்.

நான்ட்டன் தொண்டையைக் கனைத்தார். “குடும்பப் பேச்சு முடிஞ்சிருந்தா இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க. பந்தயப் படகு காத்திருக்கு.”

இந்த முறை அவள் டெல்சியிடம் மிதவையைக் கட்டச் சொன்னாள். திரையைப் பார்த்தாள், ஆழத்தைப் பார்த்தாள். குன்றின் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. நங்கூரம் நல்ல மண்ணில் பிடித்தது. கேட்டபோது சாதுவாக மேலே வந்தது.

கேப்டன் நான்ட்டன் இறங்கும்போது சொன்னார்: “மிதவை கட்டாததுக்கும் திரையைப் பார்க்காததுக்கும் மார்க்கைக் குறைச்சிருக்கேன், நிறையவே குறைச்சிருக்கேன். ஆனா பிடுங்கிப் பார்க்காம ரேடியோவை எடுத்தீங்க. ஆளு கீழ இருக்கிற நேரம் பூராவும் படகை அசையவிடல. கூட்டிக் கழிச்சா பாஸ்தான்.” இஞ்சி மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். “எடுத்துக்குங்க, கேப்டன்.”

அவர் கேப்டன் என்று சொன்னது தன்னைத்தான் என்று இனெட்டாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் டெல்சியைக் கட்டிக்கொண்டாள். அன்றிரவு ஜெபத்தில் இஞ்சி மிட்டாய்க்காரரும் சேர்ந்துகொண்டார்.

பாய்ப்படகு வாரம் முடிந்து, மே மாதத் தொழிலாளர் விடுமுறைத் திங்கட்கிழமை வந்தது. குன்றின்மேல் ஜாக்கியும் கட்டைகளும் மறுபடி வந்து இறங்கின. முன்பு காசு வாங்கிக்கொண்டு தோள் கொடுத்தவர்கள் இந்த முறை சும்மா கொடுத்தார்கள். நங்கூரம் மாட்டிக்கொண்டு மெல்ஃபர்டிடம் அசடு வழிந்த படகுக்காரர்கள் வேறு வந்து சேர்ந்துகொண்டார்கள். டெல்சி பெரிய அண்டாவில் பெப்பர்பாட் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு, எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி மட்டும் அங்கே இல்லை. அவள் கீழே துறைமுகத்தில், சங்கிலியை அப்போதுதான் தாண்டிய சரியான இடத்தில், ‘மார்த்தா’வின் சக்கரத்துக்குப் பின்னால் ரேடியோவோடு நின்றாள். வீடு எங்கே நிற்க வேண்டும் என்பதை அங்கிருந்துதானே சொல்ல முடியும்.

“இன்னும் கிழக்கே வரணும் அண்ணே.”

“வருது. இப்ப?”

“இன்னும் கொஞ்சம்.”

“இன்னும் கொஞ்சம் வந்தா சர்வேயர் ஆணி வீட்டுக்கு அடியில போயிடும்” என்றது மெல்ஃபர்டின் குரல், ஊரறிய.

இனெட்டா பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். ரேடியோ கரகரத்தது.

“போனாப் போகுது, ஆணிதானே. எவ்வளவுன்னு சொல்லு.”

“ஒரு முழம்.”

கட்டைகள் உருண்ட சத்தம் தண்ணீர் வரைக்கும் கேட்டது. நீலக்கதவு மெல்ல நகர்ந்து, தூணின் ஓரத்தைத் தொட்டு, அதற்குப் பின்னால் போய் மறைந்தது. மறைவதற்கு முன் ஜன்னலுக்குள்ளிருந்து ரேடியோ பிடித்த ஒரு கை வெளியே வந்து ஆட்டிவிட்டுப் போனது.

“அங்கதான் அண்ணே. அதே இடம். இறக்கு.” குரல் உடைந்தது. “நன்றி அண்ணே.”

“ரேடியோவுல அழாதடி, ஊரே கேக்குது.”

“நான் ஒண்ணும் அழல” என்றாள் இனெட்டா. பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே சொன்னதால் கடை, கிளப், மீன் வெட்டுகிற இடம், சமையலறை என்று எல்லா இடத்திலும் அது கேட்டது, ஒருவரும் நம்பவில்லை.